நாலு குடம் கடல்

திண்டுக்கல்லில் கோடைக்கு நாலு குடம் நல்ல தண்ணீர் சேர்த்து வைப்பதே பெரும்பாடு. அந்த ஊரில் ஒருத்தி நாலு குடம் உப்புத் தண்ணீரைச் சூடேறாமல் காத்து வந்தாள் என்றால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தவர்களில் சிலர் பிறகு அவள் வாசலில் சொம்போடு வந்து நின்றார்கள் என்பது வேறு கதை. இல்லை, அதுதான் கதையே.

அவள் பெயர் வியாகுலம்மாள். மலைக்கோட்டைக்குக் கிழக்கே இருந்த ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆயா. வகுப்பறைகளைக் கூட்டுவது, மணி அடிப்பது, சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவது, விஞ்ஞான அறையில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக் கவிழ்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அவளுக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து, நெஞ்சில் சளி கட்டி, முப்பத்தைந்து வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள் லூர்து அதற்கும் முன்னாலேயே போய்விட்டாள். மகள் பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக மாதாவிடம் நேர்ந்திருந்தாள். மகள் பிழைக்கவில்லை, நடக்க வேண்டிய வேலையும் இல்லாமல் போயிற்று. ஆகவே வியாகுலம்மாள் கடலைப் பார்த்ததே இல்லை.

கடல்தான் அவளைத் தேடி வந்தது. ஞானசௌந்தரி என்று ஒரு விஞ்ஞான டீச்சர் அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தார். தூத்துக்குடிக்காரர், முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, பிடித்த பிடியை விடாதவர். பதினோராம் வகுப்புப் பெண்கள் கடல் பிராணிகளின் படத்தைப் பார்த்துப் படம் வரைந்து பாஸாவது அவருக்குப் பொறுக்கவில்லை. அவருடைய தம்பி மண்டபத்தில் மீன் துறையில் குமாஸ்தாவாக இருந்தார். அந்த வருஷம் தை மாதத்தில் தம்பி ரயிலேற்றி அனுப்பிய மூன்று பெரிய ஜாடிகள், பிரம்புக் கூடைக்குள் வைக்கோல் சுற்றி, ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் பள்ளிக்கு வந்து இறங்கின. இரண்டில் கடல் தண்ணீர். மூன்றாவதில் தண்ணீரோடு இரண்டு மீன்களும், கல்லில் ஒட்டிய ஒரு கடல் சாமந்தியும்.

மீன்கள் கட்டைவிரல் நீளம். ஆரஞ்சு நிற உடம்பில் வெள்ளைப் பட்டை. கடல் சாமந்தி என்பது பூவில்லை, பூ மாதிரி விரிந்து மூடும் ஒரு பிராணி என்று டீச்சர் சொன்னார். வாசலில் பூ விற்கும் மாயம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதைக் கட்டினா முழம் என்ன வெலைக்குப் போகும்க்கா?" என்று கேட்டாள். மீன்கள் அந்தப் பூவுக்குள்ளேயே புகுந்து புகுந்து விளையாடின. பள்ளிக்கூடமே அந்த வாரம் பாடம் படிக்கவில்லை.

பெரிய டீச்சருக்கு, அதாவது தலைமையாசிரியைக்கு, இதில் சம்மதமில்லை. "கோடை தாண்டட்டும் பாப்போம். செத்து நாறிச்சுன்னா தொட்டியை எடுத்துக் கொல்லையில போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டார். ஞானசௌந்தரி டீச்சருக்கோ அந்தக் கோடையில் சென்னையில் ஆறு வாரப் பயிற்சி. பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். தொட்டியை யாரிடம் விடுவது என்று அவர் யோசித்தது ஒரு நாள்தான். அடுத்த நாள் வியாகுலம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தெர்மாமீட்டர் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்.

மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், எண்கள் தெரியும். எண்பத்திரண்டுக்கு நேரே டீச்சர் சிவப்பு நூல் கட்டியிருந்தார். பாதரசம் நூலைத் தாண்டக்கூடாது. தாண்டி இரண்டு நாள் நின்றால் மீன் பிழைக்காது. வியாகுலம்மாள் அதைக் கையில் வாங்கி, எண்களை விரலால் தொட்டுத் தொட்டு மேலே போனாள். நூற்றைந்தில் விரல் நின்றது. நூலுக்கும் அந்த எண்ணுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பார்த்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் லூர்துக்கு விஷக் காய்ச்சல் கண்டபோது டாக்டர் வாய்விட்டுச் சொன்ன எண் அது. அப்போது அது என்ன கணக்கென்று அவளுக்குத் தெரியாது. ஆறு வயசுக் குழந்தைக்கு ஐந்து நாளாக நெற்றியில் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை தண்ணீர் கேட்டது. காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பச்சைத் தண்ணீர் கொடுத்தால் ஜன்னி கண்டுவிடும் என்று தெருவே சொல்லிற்று. அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். உதட்டில் துணியை நனைத்துத் தொட்டுவிட்டாளே தவிர ஒரு மடக்குக் கொடுக்கவில்லை. "தண்ணி எதும் குடுத்தியாம்மா?" என்று டாக்டர் கேட்டபோது, பத்தியம் பிசகாத தாயின் பெருமையோடு, "சொட்டுக்கூடக் குடுக்கலீங்க" என்றாள். டாக்டர் அவளையே சற்று நேரம் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அவளுக்குப் புரிந்தபோது மகளைப் புதைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பெற்றவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனையைக் கடவுளும் யோசித்து வைத்திருக்க மாட்டார்.

சரி, தொட்டிக்கு வருவோம். டீச்சர் ஊருக்குப் போகுமுன் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். தொட்டி இரண்டடி நீளம், அடி அகலம், நாலு குடம் தண்ணீர். வடக்குப் பார்த்த அறையில், ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி. தொட்டியின் மூன்று பக்கமும் நனைத்த சாக்கு. மேலே மூடி கிடையாது, மெல்லிய காடாத் துணிதான். தண்ணீர் ஆவியாகப் போகப்போகத்தான் மிச்சமிருப்பது குளிரும். மீன் மூச்சு விடுவதற்காக ஒரு லாரி டியூபில் சைக்கிள் பம்பால் காலையில் நூறு, மாலையில் நூறு என்று காற்றடிக்க வேண்டும். அது மெல்லிய ரப்பர் குழாய் வழியாகக் குமிழ் குமிழாகத் தண்ணீரில் இறங்கும். தீனிக்குக் குளத்து அயிரையைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட வேண்டும்.

கண்ணாடியில் டீச்சர் சிவப்பு எனாமல் பெயின்டால் ஒரு கோடு போட்டிருந்தார். தண்ணீர் எப்போதும் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும்.

"காத்துல தண்ணி மட்டுந்தான் போகும் வியாகுலம், உப்பு போகாது. அதனால கோட்டுக்குக் கீழ இறங்கினா, இறங்கின அளவுக்கு நல்ல தண்ணி ஊத்து. உப்பு கிப்பு அள்ளிப் போட்டுராத."

"கோட்டுக்குக் கீழ இறங்குனா நல்ல தண்ணி. உப்பு போடக்கூடாது" என்று வியாகுலம்மாள் ஞானோபதேசம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்துக் காட்டினாள்.

அவளாக ஒரு வழியும் கண்டுபிடித்தாள். சித்திரை பிறந்து வெயில் ஏற ஏற, சாக்கும் தட்டியும் மட்டும் போதவில்லை. மத்தியானம் பாதரசம் நூலைத் தொட்டுக்கொண்டு நின்றது. நேரே கோயிலுக்குப் போய், சாமியாருக்குத் துணையாக இருக்கும் உபதேசியாரிடம், பூசைக்குத் திராட்சை ரசம் வந்த காலிப் பாட்டில்களைக் கேட்டாள். "மீனுக்கா கேக்குற?" என்று அவர் முகத்தைச் சுளித்தார். "மீனைப் படைச்சவருக்குத்தான சாமியாரு பூசை வைக்கிறாரு" என்று சொல்லி, பன்னிரண்டு பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவற்றில் தண்ணீர் நிரப்பிக் கார்க்கு அடைத்தாள். ஆறு பாட்டில் கயிற்றில் கட்டிப் பள்ளிக் கிணற்றின் அடியில் கிடக்கும், ஆறு பாட்டில் தொட்டியில் முங்கிக் கிடக்கும். இரண்டு மணிக்கொரு தரம் கிணற்றுப் பாட்டில் தொட்டிக்கு வரும், தொட்டிப் பாட்டில் கிணற்றுக்குப் போகும். பாதரசம் எண்பதுக்கு இறங்கியது. ஒவ்வொரு வேளையும் பார்த்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். எழுத்து கோழி கிண்டியது போல இருந்தாலும் ஒரு வேளை விட்டுப்போகவில்லை.

வீட்டுக்குப் போய் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவாள். பூட்டிய பள்ளிக்கூடத்தில் அவளும் அந்த இரண்டு மீன்களுமாக இருந்தார்கள். சாக்கை நனைத்துப் போர்த்தும்போது சில நேரம் கை தானாகவே பிழிந்து, நான்காக மடித்து, நெற்றியில் போடுவதுபோலக் கண்ணாடியில் அமர்த்தும். இந்தத் தடவை சூட்டை ஏறவிடமாட்டேன் என்று சத்தமாகவே சொல்லிக்கொள்வாள். அவளுக்கு அந்தக் கோடையில் வேறு லட்சியம் கிடையாது.

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள், பூக்கார மாயம்மாள் வந்து நின்றாள். கையில் விளக்கித் தேய்த்த ஒரு பித்தளைச் சொம்பு.

"அக்கா, எங்கய்யாவுக்குப் பேச்சு நின்னுபோச்சு. நாலு நாளா உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. ஆயுசு பூராம் ராமேசுவரம் போகணும் போகணும்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ஒரு வருசம் வெள்ளாமை, ஒரு வருசம் கெணறு வெட்டுனது, ஒரு வருசம் என் கல்யாணம். போகவே இல்ல."

மாயம்மாளின் அப்பா மலைச்சாமி, செம்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர். ஒடுங்கிப் போனபின் மகள் வீட்டில் வந்து கிடந்தார்.

"இது ராமேசுவரத்துத் தண்ணி இல்ல மாயி. மண்டபத்துல புடிச்சது."

"ரெண்டும் ஒரே கடல்தானக்கா? வாயில ரெண்டு சொட்டு விட்டா நிம்மதியாப் போயிரும். தண்ணின்ற மாதிரியே வாயி அசையுது, வேற ஒண்ணும் இல்ல."

அதற்குமேல் அவள் எதுவும் சொல்லியிருக்கத் தேவையில்லை. வியாகுலம்மாள் சொம்பை வாங்கி, காடாத் துணியை விலக்கி, கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தாள். சாகக் கிடக்கிறவர் வீட்டுக்குக் குறைச்சொம்பு போகக்கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். மாதாவைக் கும்பிடும் வேதக்காரி ஆனாலும் அவளுக்கும் அது தெரியும். மாயம்மாள் போனதும் பார்த்தாள். தண்ணீர் கோட்டுக்கு ஒரு நெல்லளவு கீழே இறங்கியிருந்தது. கோட்டுக்குக் கீழே இறங்கினால் நல்ல தண்ணீர். ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவந்தாள்.

மலைச்சாமி அன்று பொழுது சாயுமுன் போய்விட்டார். இரண்டு சொட்டு உள்ளே இறங்கியதும் முகம் தெளிந்து போனதாக மாயம்மாள் பூக்கடையில் உட்கார்ந்து சொன்னாள். பூக்கடையில் சொன்ன பேச்சு எத்தனை ஊருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் ராமேசுவரம் தீர்த்தம் இருக்கிறதாம் என்று நாலே நாளில் சின்னாளப்பட்டி வரை போய்விட்டது. நெசவுக்காரர் ஒருவர் தன் தங்கைக்காக வந்தார். ஒட்டன்சத்திரத்திலிருந்து தக்காளி லாரியில் ஒருவர் வந்து, "ஏனுங்க, தீர்த்தம் குடுக்கறது இங்கதானுங்களா?" என்று கேட்டார். எல்லாரும் துலக்கிய சொம்போடு வந்தார்கள். எல்லார் வீட்டிலும் ஒருவர் போகமுடியாமல் கிடந்தார்.

ஒருவரையும் வியாகுலம்மாள் திருப்பி அனுப்பவில்லை. யாருக்கு என்று மட்டும் கேட்பாள். பெயரைக் கேட்டுக்கொண்டு, கழுத்துவரை நிரப்பிக் கொடுப்பாள். பிறகு கோடுவரை நல்ல தண்ணீர் ஊற்றுவாள். தன் வேலையில் ஒரு பிசகும் இல்லை என்றுதான் நினைத்திருந்தாள். கோடு கோட்டிலேயே நின்றது, பாதரசம் நூலுக்குக் கீழேயே நின்றது.

வைகாசி பிறந்த முதல் வாரத்தில் கடல் சாமந்தி விரியவில்லை. சுருக்குப் பை மாதிரி சுருங்கிக் கிடந்தது. வெயில்தான் காரணம் என்று நினைத்தாள். அவளுக்குத் தெரிந்த எதிரி அது ஒன்றுதானே. உபதேசியாரிடம் இன்னும் ஆறு பாட்டில் வாங்கினாள். இரண்டு மணிக்கொரு தரம் மாற்றியதை ஒரு மணிக்கொரு தரம் ஆக்கினாள். பாதரசம் எழுபத்தெட்டுக்கு இறங்கியது. சாமந்தி விரியவில்லை. ஒரு காலையில் அது கல்லிலிருந்து கழன்று அடியில் கிடந்தது. தண்ணீர் லேசாகக் கலங்கி நாற்றம் எடுத்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டுச் சாக்கை நனைத்தாள். மூன்றாம் நாள் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. உள்ளங்கையில் எடுத்து வைத்துத் தடவிப் பார்த்தாள். உடம்பு குளுகுளுவென்றுதான் இருந்தது. சூடே இல்லாமல் ஒன்று எப்படிச் சாகும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகும் மூன்று பேர் சொம்போடு வந்தார்கள். அவர்களுக்கும் கொடுத்தாள்.

ஜூன் மாதம் இரண்டாம் தேதி டீச்சர் வந்தார். பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே விஞ்ஞான அறைக்கு வந்தவர், வெறும் கல்லையும் ஒற்றை மீனையும் பார்த்து அப்படியே நின்றார். வியாகுலம்மாள் நோட்டை எடுத்து நீட்டினாள். டீச்சர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஆறு வாரத்தில் ஒரே ஒரு நாள்கூட நூலைத் தாண்டவில்லை. அவருக்கும் விளங்கவில்லை. பிறகு விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"வியாகுலம், இதுல உப்பு எங்க?"

"உப்பை யாரு டீச்சர் எடுப்பா?"

"தண்ணி எதும் எடுத்தியா?"

அவள் மறைக்கவில்லை. மலைச்சாமியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். பதின்மூன்று சொம்பு. "ஆனா ஒவ்வொரு தடவையும் கோட்டுக்கு ஊத்திட்டேன் டீச்சர். கோடு கொறையவே விடல."

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. ஏதோ கடுமையாகச் சொல்ல வாயெடுத்தவர், அந்த நோட்டு கையில் இருந்ததால் அடக்கிக்கொண்டார். "காத்துல போனா உப்பு தங்கும்னு சொன்னேன். சொம்புல போனா உப்பும் சேந்து போகும்ல? ஒரு சொம்பு ரசத்தை எடுத்துட்டு ஒரு சொம்பு வெந்நி ஊத்தினா அது என்ன ரசம்?"

ஆயுசு பூராவும் அடுப்பில் நின்றவளுக்கு அதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப நாந்தான் கொன்னேனா டீச்சர்?"

டீச்சர் பொய் சொல்லத் தெரியாதவர். "தெரியாமத்தான செஞ்ச" என்றார். பிறகு, "தெரிஞ்சிருந்தா அந்தப் பதிமூணு பேருக்கும் இல்லேன்னு சொல்லியிருப்பியா?" என்று கேட்டார்.

வியாகுலம்மாள் தொட்டியைப் பார்த்தாள். அந்த மீன்களும் சாமந்தியும் அவளுக்கு எவ்வளவு வேண்டியவை என்று அவளுக்குத்தான் தெரியும்.

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். சொன்னபிறகுதான் அழுதாள்.

அழுது முடிக்கும்வரை டீச்சர் காத்திருந்தார். பிறகு பெயின்ட் குப்பியையும் ஒரு தீக்குச்சியையும் எடுத்தார். "பேரு சொல்லுங்க" என்றார். அன்றுதான் முதல் தடவையாக அவளை நீங்க என்றார்; அதற்குப் பிறகு மாற்றவும் இல்லை. வியாகுலம்மாள் ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். மலைச்சாமி. சின்னாளப்பட்டி சோலையம்மாள். ஒட்டன்சத்திரத்துப் பொம்மையன். கணவாய்ப்பட்டி ஜக்கம்மாள். ஒரு பெயருக்கு ஒரு கோடு, பழைய கோட்டுக்குக் கீழே ஒவ்வொரு நெல்லளவாக இறங்கிப் பதின்மூன்று கோடுகள். முதலில் இருந்த கோட்டிலிருந்து நாலு விரல் தண்டிக்குக் கீழே வந்து நின்றது கடைசிக் கோடு.

"தண்ணி இங்கதான் நின்னிருக்கணும்" என்று டீச்சர் அந்தக் கடைசிக் கோட்டைத் தொட்டார். "இனி ஒரு சொட்டு ஊத்த வேண்டாம். சாக்கை நனைங்க, பாட்டிலை மாத்துங்க. தண்ணி தானாக் காத்துல போயி இந்தக் கோட்டுக்கு இறங்கட்டும். உப்பு பழையபடி ஆயிரும். அதுவரைக்கும் இந்த மீனு தாங்குமான்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

பள்ளி திறக்கப் பத்து நாள் இருந்தது. ஊற்றாமல் இருப்பது ஊற்றுவதைவிடக் கஷ்டமாக இருந்தது வியாகுலம்மாளுக்கு. காலையில் ஒரு கோடு தண்ணீருக்கு மேலே தெரியும், மாலைக்குள் இன்னொரு கோட்டின் பாதி தெரியும். மலைச்சாமி முதலில் தலைகாட்டினார், பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். மீன் ஒரு மூலையிலேயே நின்று செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. தின்னவில்லை. ஐந்தாம் நாள் ஒரு துணுக்கு அயிரையைக் கவ்விற்று. அவள் அதை நோட்டில் எழுதினாள்.

ஏழாம் நாள், வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடியானவர் வந்தார். பெயர் மூக்கையா. மனைவிக்குத்தான். பஸ்ஸில் சொம்பைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். டீச்சரும் அப்போது அங்கே இருந்தார். வியாகுலம்மாள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணே, மறைக்காமச் சொல்லுறேன். இதுல கெணத்துத் தண்ணி கலந்துபோச்சு. பழைய மாதிரி இல்ல."

"ராமேசுவரத்துத் தண்ணியும் கொஞ்சம் இருக்குல்லம்மா?" என்றார் மூக்கையா. "அதில கொஞ்சம் இருந்தாப் போதும், எல்லாமே அதுதான். கலந்ததுனால ஒண்ணும் கொறஞ்சிறாது."

மீனுக்கு வேறு நியாயம், மூக்கையாவுக்கு வேறு நியாயம். இரண்டும் ஒரே தொட்டியில் இருந்தன. வியாகுலம்மாள் சொம்பை வாங்கிக் கழுத்துவரை நிரப்பினாள். அவர் மனைவி பெயரைக் கேட்டாள். அங்காளம்மாள் என்றார். அவர் தெருவைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு வந்து, அவளாகவே தீக்குச்சியைப் பெயின்டில் தோய்த்து, கடைசிக் கோட்டுக்கு ஒரு நெல் கீழே பதினான்காவது கோட்டைப் போட்டாள். தண்ணீர் ஊற்றவில்லை.

பள்ளி திறந்த அன்று பெரிய டீச்சர் வந்து குனிந்து பார்த்தார். தண்ணீர் பதினான்காவது கோட்டில் நின்றது, மீன் அதில் ஓடிக்கொண்டிருந்தது. "ஒண்ணுதான் மிச்சமா?" என்றார். "ஒண்ணு இருக்கு" என்றார் ஞானசௌந்தரி டீச்சர். தொட்டி அறையிலேயே இருந்தது.

ஆடியில் தம்பி அனுப்பிய தண்ணீர் ஜாடிகள் இரண்டில்லை, மூன்று. மூன்றாவதை டீச்சர் அறை வாசலில் ஒரு ஸ்டூலில் வைத்து, பக்கத்தில் ஒரு அகப்பையும் வைத்தார். கேட்டு வருகிறவர்களுக்கு அதிலிருந்து கொடுக்கும்படி சொன்னார். விஞ்ஞானம் படித்தவர் இப்படிச் செய்யலாமா என்று ஆசிரியைகள் அறையில் பேசிக்கொண்டார்கள். பேசினவர்களில் ஒருவர் அடுத்த வருஷம் தன் மாமனாருக்காக வந்து வாங்கிப்போனார். தொட்டியில் மேலும் மீன்கள் வந்தன, போயின. ஐந்து கோடைகளை அந்த அறை தாண்டியது. பாட்டில்கள் கிணற்றுக்கும் தொட்டிக்குமாக நடந்தன. ஐம்பத்தெட்டில் பிழைத்த மீன் அறுபத்திரண்டு வரை இருந்தது.

அறுபத்து மூன்றில் டீச்சருக்குத் தூத்துக்குடியில் தலைமையாசிரியை வேலை கிடைத்தது. தம்பிக்கும் நாகப்பட்டினத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது. இனி தண்ணீர் வர வழியில்லை. மிச்சமிருந்த மீன்களை ஜாடியில் போட்டுக் கொண்டுபோவதாக முடிவாயிற்று. இருவருமாகத் தொட்டியைக் காலி செய்து வெயிலில் வைத்துக் கழுவினார்கள். சாக்கு மூடியே கிடந்த பக்கங்களை அப்போதுதான் டீச்சர் முழுசாகப் பார்த்தார். கோடுகளை ஒரு தரம் எண்ணினார். பெயர்களும் அவருக்கு ஞாபகமிருந்தன. பக்கவாட்டுக் கண்ணாடியில் இன்னொரு கோடு இருந்தது. அவர் போட்ட முதல் கோட்டுக்கும் மேலே, விளிம்பை ஒட்டி, தண்ணீர் எந்தக் காலத்திலும் நிற்காத உயரத்தில்.

"இது யாருக்குக் குடுத்தது வியாகுலம்? இம்புட்டு உயரத்துல தண்ணி இருந்ததே இல்லையே."

வியாகுலம்மாள் சேலைத் தலைப்பால் அந்தக் கோட்டின் ஈரத்தை ஒற்றி எடுத்தாள்.

"அது இதுல எடுத்துக் குடுக்கல டீச்சர். எம் மக லூர்துக்கு. காய்ச்சல்ல அஞ்சு நாளு தண்ணி கேட்டா, நான் குடுக்கல. அந்த வேடசந்தூர்க்காரரு வந்துட்டுப் போன அன்னிக்குக் கெணத்துல நல்ல தண்ணியா ஒரு சொம்பு எடுத்துக்கிட்டுப் போயி, கல்லறைத் தோட்டத்துல அவ தலமாட்டுல ஊத்திட்டு வந்தேன். கோட்டை மட்டும் இங்க போட்டேன்."

டீச்சர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். பிறகு மறுபடி எடுத்து, அந்தக் கோட்டைத் தொடாமல், மற்ற இடங்களைத் துடைத்து முடித்தார்.